எரிந்தது, எரித்தது

எங்கள் வீட்டில் இதுவரை யாருமே தோசையைத் தீய்த்ததில்லை. தோசைதான் தீய்ந்து போயிருக்கிறது. அம்மா அடுப்படியில் நிற்கும்போது கருகல் வாசனை வந்தால், "தீஞ்சு போச்சுடா, வேற ஊத்தறேன்" என்பாள். அதே அம்மா கூடத்தில் உட்கார்ந்திருக்க நான் அடுப்படியில் நின்றால், வாசனை வந்த அடுத்த நொடி குரல் வரும்: "தீச்சுட்டியா?" தோசை ஒன்றுதான். கருகிய வட்டமும் ஒன்றுதான். கரண்டி யார் கையில் இருக்கிறது, வாக்கியம் யார் வாயில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வினைச்சொல் மாறிவிடும்.

பாட்டி இருந்தவரை இது தினசரி நாடகம். அம்மாவைக் கேட்டால் சோறு தானாக அடிப்பிடித்திருக்கும், பால் தானாகப் பொங்கியிருக்கும், குழம்பு தானாக வற்றியிருக்கும். பாட்டி அதையே பக்கத்து வீட்டில் சொல்லும்போது "பாலைப் பொங்க விட்டுட்டா" என்பாள். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. இரண்டு பேரில் யார் பொய் சொல்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். இரண்டு பேரும் சொல்லவில்லை என்பது புரிய ரொம்ப நாளானது. பொய்யே இல்லாமல் ஒருவரைக் குற்றவாளியாக்கவும் முடியும், தப்பிக்க வைக்கவும் முடியும், அதற்கு ஒரு மெய்யெழுத்து போதும் என்பது புரிய இன்னும் நாளானது.

மெய்யெழுத்து என்று சும்மா சொல்லவில்லை. எரிந்தது, எரித்தது. உடைந்தது, உடைத்தது. அழிந்தது, அழித்தது. தன்வினையில் மெல்லினமாக இருக்கும் ந், பிறவினையில் வல்லினத் த் ஆகிவிடுகிறது. திருந்து - திருத்து, அடங்கு - அடக்கு, நிரம்பு - நிரப்பு. பள்ளிக்கூடத்தில் இதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோம். தானாக நடப்பதை மூக்கால் மெல்லச் சொல்லி, ஒருவர் செய்வதை அழுத்திச் சொல்கிறோம் என்பதை யாரும் நமக்குக் காட்டவில்லை.

இதையெல்லாம் யோசிக்கவைத்தது ஓர் ஆங்கிலச் சொல். பர்ன்.

*

இன்றைய ஆங்கிலத்தில் வீடு எரிந்தாலும் 'பர்ன்'தான், வீட்டை எரித்தாலும் 'பர்ன்'தான். 'த ஹவுஸ் பர்ன்ட்', 'தே பர்ன்ட் த ஹவுஸ்'. வினை மாறாது, பக்கத்தில் நிற்கும் பெயர்கள்தான் மாறும். நான் இதை ஆங்கிலத்தின் இயல்பு என்றே நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்த பழைய ஆங்கிலத்தில் நம்மைப்போலவே இரண்டு வினைகள் இருந்தன. 'பிர்னன்' என்றால் எரிவது. 'பேர்னன்' என்றால் எரிப்பது. முதலாவது தன் உயிரெழுத்தை மாற்றி இறந்தகாலம் காட்டும். இரண்டாவது விகுதி சேர்த்துக் காட்டும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். முதலாவதிலிருந்து 'அதைச் செய்ய வைப்பது' என்ற பொருளில் இரண்டாவது பிறந்திருக்கிறது.

அந்தப் பழைய ஏற்பாட்டின் மிச்சங்கள் இன்றைய ஆங்கிலத்தில் அங்கங்கே கிடக்கின்றன. 'ஃபால்' என்றால் விழுவது, 'ஃபெல்' என்றால் மரத்தை வெட்டி வீழ்த்துவது. 'சிட்' என்றால் உட்காருவது, 'செட்' என்றால் உட்கார வைப்பது. 'லை' கிடப்பது, 'லே' கிடத்துவது. 'ட்ரிங்க்' குடிப்பது, 'ட்ரென்ச்' இன்று தொப்பலாக நனைப்பது, ஆனால் ஒருகாலத்தில் குடிக்க வைப்பது. இந்த ஜோடிகள் பிழைத்துக்கொண்டன. எரிவதும் எரிப்பதும் பிழைக்கவில்லை. ஒலிகள் நெருங்கின. வைக்கிங்குகள் கொண்டுவந்த ஸ்காண்டிநேவிய மொழியின் 'ப்ரென்னா' என்ற சொல்லும் வந்து கலந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் வடிவங்கள் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பி, கடைசியில் ஒரே சொல் மிஞ்சியது.

சொல்லுக்குள் இன்னொரு விளையாட்டும் நடந்திருக்கிறது. ஜெர்மானிய மூலத்தில் 'ப்ரின்' என்று ரகரம் முன்னால் இருந்தது; ஆங்கிலத்தில் அது உயிரைத் தாண்டிப் பின்னால் போய் 'பிர்ன்' ஆனது. நம் ஊரில் மதுரை மருதை ஆவது மாதிரி. இடம் மாறாமல் நின்ற உறவுக்காரர்களும் உண்டு. மாட்டின் தொடையில் காய்ச்சிய இரும்பால் போட்ட சூட்டுக்குறிதான் 'பிராண்ட்'. அதுதான் இன்று நாம் காசு கொடுத்து நெஞ்சில் போட்டுக்கொண்டு திரியும் பிராண்ட். டச்சுக்காரர்கள் 'எரித்த ஒயின்' என்று சொன்னது, அதாவது காய்ச்சி வடித்தது, பிராந்தி ஆனது.

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் போவது சுலபம். தமிழ் பொறுப்பைக் காப்பாற்றியது, ஆங்கிலம் தொலைத்தது என்று சொல்லி ஒரு சபாஷ் வாங்கிவிடலாம். உண்மை அவ்வளவு வசதியாக இல்லை. தமிழின் 'சுடு' என்ற வினையைப் பாருங்கள். டீ சுடுது. கையைச் சுட்டுருச்சு. அப்பளம் சுட்டாள். போலீஸ் சுட்டாங்க. என் பேனாவை எவனோ சுட்டுட்டான். ஒரே சொல் சூடாக இருப்பதிலிருந்து திருட்டுவரை போகிறது. இன்னொரு பக்கம், ஆங்கிலம் பேசுகிறவர்கள் 'யார் எரித்தது' என்று கேட்க வழியில்லாமல் தவிப்பதுமில்லை. மொழி வழிகளைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். எந்த வழியில் நுழைகிறோம் என்பது நம் வேலை.

ஆனால் நுழையும் வழி முக்கியம். 2010இல் கெய்ட்லின் ஃபாஸி, லெரா போரோடிட்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆங்கிலம் பேசுபவர்களிடம் ஓர் எளிய பரிசோதனை நடத்தினார்கள். ஓர் உணவகத்தில் நடந்த தீ விபத்தைப் பற்றிய சிறு குறிப்பு. சாப்பிட்டு எழுந்த பெண்மணியின் கைத்துணி மேசையிலிருந்த மெழுகுவர்த்தியில் பட்டுத் தீ பரவுகிறது. ஒரு பிரிவினருக்குக் கொடுத்த குறிப்பில் அவள் துணியைப் பற்றவைத்தாள் என்றிருந்தது. மற்றவர்களுக்குக் கொடுத்ததில் துணி பற்றிக்கொண்டது என்றிருந்தது. சம்பவத்தில் வேறு எந்த மாற்றமும் இல்லை. பற்றவைத்தாள் என்று படித்தவர்கள் அவள்மீது அதிகப் பழி போட்டார்கள், நஷ்ட ஈடும் கணிசமாக அதிகம் கட்டச் சொன்னார்கள். அம்மாவுக்கும் பாட்டிக்கும் தெரிந்திருந்த விஷயம்தான். அவர்களுக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை.

*

செப்டம்பர் 2, 1666, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. லண்டன், புட்டிங் லேன் என்ற சந்தில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக் கடையில் தீ பிடித்தது. குடும்பத்தார் மாடிச் சன்னல் வழியாகத் தப்பினார்கள். வீட்டுப் பணிப்பெண் தப்பவில்லை, அவள்தான் முதல் பலி. சில நாட்களில் 13,200 வீடுகள், 87 தேவாலயங்கள், புனித பவுல் பேராலயம் எல்லாம் போயின. ஊர் எரிந்தது.

எப்படி எரிந்தது? மர வீடுகள். குறுகிய சந்துகள். வறண்ட கோடை. கிழக்கிலிருந்து அடித்த பலத்த காற்று. ஃபாரினர் தன் அடுப்பை ஒழுங்காக அணைத்துவிட்டதாகவே கடைசிவரை சொன்னார். நகர மேயர் தாமஸ் ப்ளட்வொர்த் ஆரம்பத்திலேயே சில வீடுகளை இடித்திருந்தால் தீ பரவாமல் தடுத்திருக்கலாம். இடித்தால் திரும்பக் கட்டும் செலவு யாருடையது என்ற கேள்வியில் அவர் தயங்கினார். இவை எல்லாமே எரிந்தது என்ற சொல்லுக்குள் இருக்கின்றன.

ஆனால் ஊருக்கு எரித்தவன் வேண்டியிருந்தது. இங்கிலாந்து அப்போது டச்சுக்காரர்களோடும் பிரெஞ்சுக்காரர்களோடும் போரில் இருந்தது. தெருவில் அகப்பட்ட அந்நியர்களைக் கும்பல்கள் அடித்தன. ராபர்ட் ஹூபர்ட் என்ற பிரெஞ்சுக் கடிகாரக்காரன் பிடிபட்டான். நான்தான் தீ வைத்தேன் என்று அவனே ஒப்புக்கொண்டான். அவன் சொன்ன கதை ஒவ்வொரு முறையும் மாறியது. மனநிலை சரியில்லாதவன் என்று விசாரித்தவர்களுக்கே தோன்றியது. ஆனாலும் குற்றப் பத்திரிகையில் கையெழுத்திட்டவர்களில் ஃபாரினர் குடும்பத்தாரும் இருந்தார்கள். அக்டோபரில் ஹூபர்ட்டைத் தூக்கில் போட்டார்கள். தீ தொடங்கி இரண்டு நாள் கழித்துத்தான் அவன் லண்டனில் கால் வைத்தான் என்பது அதன் பிறகு தெரியவந்தது.

அரசாங்க விசாரணை கடைசியில் கடவுளின் கை, பெருங்காற்று, வறண்ட பருவம் என்று முடித்துக்கொண்டது. ஊர் மனம் முடித்துக்கொள்ளவில்லை. தீயின் நினைவாக எழுப்பிய தூணில் 1681இல் கத்தோலிக்கர்களைக் குற்றம்சாட்டும் வரியைச் செதுக்கினார்கள். அரசர்கள் மாற மாற ஒருமுறை அழித்து மறுபடி செதுக்கி, கடைசியாக அதைச் சுரண்டி எடுத்தது 1830இல். தன்வினையைப் பொறுக்க முடியாத ஒரு நகரம் எழுவாயைத் தேடி அலைந்ததன் கணக்கு இது: ஓர் உயிர், ஒரு சமூகத்தின்மீது நூற்றைம்பது ஆண்டுப் பழி.

அதனால்தான் 'எரித்தது யார்' என்று கேட்பது எப்போதும் துணிச்சலான கேள்வி என்று நான் நம்பவில்லை. சிலசமயம் அது சோம்பேறித்தனமான கேள்வி. கைக்கு எட்டுகிற ஒரு கழுத்து கிடைத்ததும் நின்றுவிடுகிற கேள்வி.

*

அப்படியானால் எரிந்தது என்று விட்டுவிடலாமா?

ஜூன் 14, 2017. அதே லண்டன். கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு. நாலாவது மாடியில் ஒரு வீட்டின் குளிர்சாதனப் பெட்டியில் தீ தொடங்கியது. அந்த வீட்டுக்காரர் தீயணைப்புத் துறையை அழைத்தார், அண்டை வீட்டாரை எழுப்பினார். ஆனால் செய்திகளில் அவரையே எழுவாயாக்கிப் பேசினார்கள். 2019இல் வந்த விசாரணையின் முதல் அறிக்கை, அவர்மேல் எந்தத் தவறும் இல்லை என்று சொல்லியே ஆகவேண்டியிருந்தது.

ஒரு சமையலறைத் தீ சமையலறையோடு முடிந்திருக்கும். முடியாததற்குக் காரணம் கட்டடத்தின் வெளிப்புறம். புதுப்பிப்பு வேலையின்போது கட்டடத்துக்கு ஒரு மேலுறை போட்டிருந்தார்கள். முதலில் திட்டமிட்டது துத்தநாகத் தகடு. விலை குறைவு என்று அதை மாற்றி, இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் வைத்த பலகையைப் பொருத்தினார்கள். பாலிஎத்திலீன் என்றால் பிளாஸ்டிக். தீ அதன் வழியாக ஏறியது. 72 பேர் இறந்தார்கள். தீப் பாதுகாப்பு பற்றிக் குடியிருப்போர் குழு பலமுறை எச்சரித்திருந்தது. செப்டம்பர் 2024இல் இறுதி அறிக்கை வந்தது. பலகையும் காப்புப் பொருளும் விற்ற நிறுவனங்களின் நேர்மையின்மை, கட்டட ஒப்பந்ததாரர்கள், கட்டடக் கலைஞர்கள், சான்றளித்த அமைப்புகள், உள்ளூராட்சி, ஆபத்து தெரிந்தும் அசையாத மத்திய அரசு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயர் சொன்னது.

இதில் தீ வைத்தவர் யாருமில்லை. அதற்காக 'கட்டடம் எரிந்தது' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் அது அநியாயம். இரண்டு வினைகள் போதாத இடம் இது. பாட்டி அந்தக் காலத்திலேயே மூன்றாவது ஒன்றை வைத்திருந்தாள்: பொங்க விட்டுட்டா. பால் பொங்கியது என்பதற்கும் அவள் பொங்க வைத்தாள் என்பதற்கும் நடுவே ஓர் இடம். கிரென்ஃபெல்லை எரிய விட்டார்கள். 1666இன் மேயரும் எரிய விட்டவர்தான். 'விடு' என்ற துணைவினை தமிழில் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று இதற்கு முன் நான் யோசித்ததில்லை.

நாலாவது வினையும் இருக்கிறது: எரிக்க வைப்பது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். கீழ் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை கொடுத்தது. உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. இவ்வளவு வசதியும் கௌரவமும் உள்ள பெரிய மனிதர்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த வாதத்துக்குப் பின்னால் ஓர் இலக்கணம் இருக்கிறது. எரித்தான் என்றால் தீக்குச்சி அவன் கையிலேயே இருந்திருக்கவேண்டும், அவன் கால்களே நடந்திருக்கவேண்டும். பணம் என்பதே அடுத்தவர் கால்களை நடக்க வைக்கும் ஏற்பாடு என்பது அந்த இலக்கணத்தில் ஏறவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். செயப்பாட்டுவினை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. தமிழில் எழுதுகிறவர்கள் நூலகம் எரிந்த நாள் என்று எழுதுவதில்லை. 'நூலக எரிப்பு' என்றே எழுதுகிறார்கள். அந்தப் பகரம் தற்செயலானதில்லை, அது ஒரு பிடிவாதம். ஆனால் 'எரிக்கப்பட்டது' என்ற சொல்லில் ஒருவர் எரித்தார் என்பது இருக்கிறது, அந்த ஒருவர் இல்லை. எரித்தது காவலர்களும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் என்று ஊருக்குத் தெரியும். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. செய்தவர்களைப் பெயர் சொல்ல முடியாதபோது குறைந்தது அவர்களுக்கான இடத்தையாவது காலியாக வைத்திருப்பது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

*

இவ்வளவு பெரிய தீக்களைப் பேசிவிட்டு என் சிறிய தீயைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்தச் சொற்களை நான் துரத்த ஆரம்பித்ததே அதனால்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் பழைய தற்காலிகத் தரவுகளைச் சுத்தம் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். பத்து நிமிட வேலை. எந்தச் சூழலில் ஓடவேண்டும் என்று சொல்லாமல் அதை ஓட்டினால், அது நேராக வாடிக்கையாளர்களின் உண்மையான தரவுக்கே போகும்படி எழுதியிருந்தேன். ஒரு சோதனை வரி சேர்த்திருக்கவேண்டும். அப்புறம் சேர்க்கலாம் என்று விட்டேன். இரண்டு வருடம் எதுவும் ஆகவில்லை. பிறகு வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்த ஒரு பையன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதை ஓட்டினான். எந்தச் சூழல் என்று சொல்ல மறந்துவிட்டான். பேக்கப்பிலிருந்து மீட்டோம். ஆனால் கடைசிப் பேக்கப்புக்குப் பிறகான ஆறு மணிநேரத் தரவு போனது போனதுதான்.

எங்கள் தொழிலில் இப்படி ஒன்று நடந்தால் 'போஸ்ட்மார்ட்டம்' எழுதுவோம். பிரேதப் பரிசோதனைதான். அதில் யாரையும் பெயர் சொல்லிப் பழிக்கக் கூடாது என்பது நல்ல நிறுவனங்களில் பண்பாடு. எட்ஸியில் இருந்த ஜான் ஆல்ஸ்பா 2012இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை எங்கள் தலைமுறைப் பொறியாளர்களுக்குக் கிட்டத்தட்ட வேதம். அதன் தர்க்கம் எளியது. தவறு செய்தவனைத் தண்டித்தால் அடுத்தவன் மறைப்பான். மறைத்தால் எப்படி நடந்தது என்றே தெரியாது. தெரியாவிட்டால் மறுபடி நடக்கும். ஆகவே யார் என்று கேட்காதே, எப்படி என்று கேள். இந்தத் தர்க்கத்தை நான் இன்றும் நம்புகிறேன். ஹூபர்ட்டைத் தூக்கில் போட்ட ஊருக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

அறிக்கையை நான்தான் எழுதினேன். 'ஸ்கிரிப்ட் தவறான சூழலில் இயங்கியது. தரவு அழிந்தது. இனி இயக்கும்முன் சோதனை நடக்கும்.' எல்லாம் தன்வினை. ஒரு பொய்கூட இல்லை. மேலாளர் படித்துவிட்டு நல்ல அறிக்கை என்றார்.

அன்று மாலை டீக்கடையில் எல்லாரும் பேசிய வினை வேறு. "அந்தப் புதுப் பையன் டேட்டாவையே தூக்கிட்டானாம்ல?" ஸ்கிரிப்ட்டை ஓட்டியவன் பெயர் பதிவேட்டில் இருந்தது, அதைப் பார்க்க எல்லாருக்கும் முடியும். எழுதியவன் பெயரைத் தேடினால்தான் கிடைக்கும், யாரும் தேடவில்லை. பெயரே இல்லாத என் அறிக்கை அவனைக் காப்பாற்றவில்லை, ஏனென்றால் அவன் பெயர் ஏற்கெனவே காற்றில் இருந்தது. அது காப்பாற்றியது என்னை. அவனுடைய தகுதிகாண் காலம் முடிந்தபோது நிரந்தரம் செய்யவில்லை. காரணமாகச் சொன்னது வேறு என்னவோ. கடைசி நாளில் எல்லார் இருக்கைக்கும் வந்து கை கொடுத்துவிட்டுப் போனான். எனக்கும் கொடுத்தான்.

அதிலிருந்து ஒன்றை மட்டும் விளங்கிக்கொண்டேன். எரிந்தது, எரித்தான் என்ற சொற்களில் எது நியாயமானது என்று சொல்லை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. யார் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று பார்க்கவேண்டும். மருமகளைப் பற்றி மாமியார் 'தீய்ஞ்சு போச்சு' என்று சொல்வது பெருந்தன்மை. தன்னைப் பற்றித் தானே அப்படிச் சொல்லிக்கொள்வது வேறு. கண்ணுக்குத் தெரிகிற சின்ன ஆளைப் பற்றி எல்லாரும் எரித்தான் என்கிறபோது, இல்லை, எரிந்தது என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும். பெரிய நிறுவனம் 'துரதிருஷ்டவசமாக எரிந்தது' என்று அறிக்கை விடும்போது, எரிய விட்டீர்கள் என்று திருத்துவதற்கும் தைரியம் வேண்டும். ஆகவே நான் வைத்துக்கொண்ட விதி இது: அடுத்தவர் தவறுக்கு முதலில் தன்வினை, என் தவறுக்கு முதலில் பிறவினை.

இந்த விதியில் ஓட்டை இருக்கிறது, எனக்கே தெரியும். மூன்று மாத அனுபவமுள்ள பையன் 'நான்தான் அழித்தேன்' என்று சொன்னால் வேலை போகும். பத்து வருட அனுபவமுள்ளவன் சொன்னால் "நேர்மையான ஆளு" என்று பாராட்டு வரும். ஒப்புக்கொள்வதன் விலை எல்லாருக்கும் ஒன்றில்லை. அதனால் இதை எல்லாருக்குமான அறம் என்று சொல்லமாட்டேன். பிறவினையைத் தாங்கக்கூடிய முதுகு உள்ளவர்கள் முதலில் அதைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். பொறுப்பு என்ற சொல்லே பொறு என்பதிலிருந்துதானே வருகிறது. தாங்குவதற்கும் மன்னிப்பதற்கும் தமிழில் ஒரே வினை. தாங்க முடிந்தவர் தாங்கினால்தான் தாங்க முடியாதவரைப் பொறுத்துக்கொள்ள ஊருக்கு மனம் வரும்.

*

போன வருடம் அந்தப் பையனைத் தேடிப் பிடித்துச் செய்தி அனுப்பினேன். இப்போது வேறு ஊரில், நல்ல வேலையில் இருக்கிறான். நலம் விசாரித்துவிட்டு, மூன்று முறை எழுதி அழித்து, கடைசியில் இப்படி அனுப்பினேன்: "அந்த ஸ்கிரிப்ட்டை எழுதினது நான்தான். செக் வைக்காம விட்டது நான்தான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம இருந்துட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"தெரியும்ணா. அன்னைக்கு நைட்டே கிட் ப்ளேம் போட்டுப் பார்த்தேன்."

மென்பொருள் தெரியாதவர்களுக்கு: நிரலின் ஒவ்வொரு வரியையும் யார், எந்தத் தேதியில் எழுதியது என்று காட்டும் கட்டளை அது. அதன் பெயரே பழி. ஒவ்வொரு வரிக்கும் எழுவாய் வைத்திருக்கும் கட்டளை.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேண்ணா" என்று எழுதியிருந்தான்.